கடைவரம்புக்கு ரத்தம் போகிறதா? ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகள் இதயத்தில் செய்வது என்ன

கன்னிப்பூ அறுவடை நடந்துகொண்டிருந்த நாளொன்றில், தோவாளைப் பக்கம் இருக்கும் பெரியப்பாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். களத்திலிருந்து மேடேறி வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து, பேருந்துச் சீட்டில் மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டைத் துண்டை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி நாக்குக்கு அடியில் வைத்தார். நான்கைந்து நிமிடங்களில் முகம் தெளிந்தது. "பயப்படாத மக்கா, இதுல ஒண்ண வெச்சா குழல் தொறந்து அடைப்பு வெலகிரும்லா" என்றார். அந்த நம்பிக்கையில்தான் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்ன மருத்துவரின் சீட்டை எட்டு மாதமாக அவர் அலமாரியில் வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

மருந்தியல் கற்பிக்கும் எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. நாகர்கோவில் மருந்துக் கடைகளின் முன்னாலும், ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் போகும் பேருந்திலும், படித்தவர்கள் வீட்டிலும் இதையே கேட்டிருக்கிறேன். அடைப்பு என்றால் குழாய் சுருங்கியிருக்கிறது; விரிக்கும் மாத்திரை போட்டால் குழாய் விரியும்; விரிந்தால் ரத்தம் பாயும் என்று கணக்கு நேராகத்தான் தெரிகிறது. ஆனால் இதயத்துக்குள் நடப்பது அப்படியில்லை. சில மருந்துகள் இதயத்துக்குப் போகும் மொத்த ரத்தத்தைப் பல மடங்கு கூட்டியும் வலியைப் போக்குவதில்லை. சிலருக்கு வலியை வரவழைக்கவும் செய்கின்றன. வேறு சில மருந்துகள் மொத்த ரத்தத்தை அவ்வளவாகக் கூட்டாமலேயே வலியைத் தணிக்கின்றன. இந்த முரண் எப்படி நேர்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

சானலும் மடையும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க எளிய வழி நம் பாசனமே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் திறந்துவிடும் தண்ணீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல் போன்ற பெரிய சானல்களில் ஓடி, கிளைக்கால்களாகப் பிரிந்து, வயலோரத்து மடைகளின் வழியாகப் பாத்திக்குள் இறங்குகிறது. சானல் அகலமானது, தண்ணீரைத் தடுப்பதில்லை. எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்மானிப்பது, கடைசியில் இருக்கும் சின்ன மடைதான். மடையை அரைச் சாண் திறந்தால் ஓர் அளவு, முழுவதும் திறந்தால் வேறோர் அளவு.

இதயத்திலும் இதே ஏற்பாடுதான். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் தொடக்கத்திலேயே, இதயத் தசைக்கென்று இரண்டு கிளைகள் பிரிகின்றன. இவற்றுக்குக் கரோனரி தமனிகள் என்று பெயர். இவை இதயத்தின் வெளிப்பரப்பில் கொடிபோலப் படர்ந்து, பிறகு தசைக்குள் இறங்குகின்றன. வெளியே தெரியும் இந்தப் பெரிய குழாய்கள்தான் நம் சானல். ஆஞ்சியோகிராம் படத்தில் தெரிவதும் ஸ்டென்ட் வைப்பதும் இவற்றில்தான். தசைக்குள் இறங்கியபின் இவை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கிளைகளாகப் பிரிகின்றன. அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை சுற்றியிருப்பதால், அவை சுருங்கவும் விரியவும் முடியும். இவற்றை நுண்தமனிகள் என்கிறோம். நம் மடைகள் இவையே. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே நுண்தமனியில் நேரும் சிறு மாற்றமும் ஓட்டத்தைப் பெரிதும் மாற்றிவிடும்.

ரத்தக்குழாய் விரிப்பி என்பது, குழாயின் சுவரில் இருக்கும் அந்தத் தசையைத் தளர்த்தி உள்விட்டத்தைக் கூட்டும் மருந்து. மருந்து தளர்த்துவது சானலையா மடையையா என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் குழப்பமே வருகிறது.

ஒரு வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வயல் மடையை மண்வெட்டியோடு ஆள் போய்த் திறக்கவேண்டும். இதயத்தின் மடைகளை அந்தந்த இடத்துத் தசையே தன் தேவைக்கேற்பத் திறந்துகொள்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் தசை அடினோசின் போன்ற வேதிப்பொருள்களைக் கசியவிடும், அவை பக்கத்திலுள்ள நுண்தமனியைத் தளர்த்தும், ரத்தம் கூடும். இந்தத் தானியங்கி ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயம் தனக்கு ரத்தம் எடுக்கும் நேரம்

வளர்ந்த ஒருவரின் இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் அரை சதவீதம் அளவுக்குத்தான் வரும். ஆனால் ஓய்வில் இருக்கும்போதே, உடலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை, அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவை, அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. அந்த ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் அப்போதே உறிஞ்சியும் விடுகிறது. உடலின் மற்ற பகுதிகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த உறிஞ்சல் கால்வாசி அளவுதான். ஆகவே நாம் மேடேறும்போது இதயத்துக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டால், வந்த ரத்தத்திலிருந்து மேலும் பிழிந்தெடுக்க அங்கே அதிகம் மிச்சமில்லை. ரத்தத்தின் அளவையே கூட்டியாகவேண்டும். நலமான இதயம் இந்த ஓட்டத்தை நான்கைந்து மடங்கு வரை கூட்டிக்கொள்ளும். ஓய்வு அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தை நாம் கையிருப்பு என்று அழைக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையை இறுக மூடிச் சில நொடி கழித்துத் திறந்து பாருங்கள். உள்ளங்கை வெளுத்திருக்கும், பிறகு சிவக்கும். இறுகும் தசை தன்னுள் ஓடும் ரத்தக்குழாய்களையே நசுக்கிவிடுகிறது. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன் குழாய்களை இப்படித்தான் நசுக்குகிறது. அதனால் அந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையில், இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமானால் குறுகுவது முக்கியமாக இந்தத் தளர்வு நேரம்தான். வேலை கூடும் அதே சமயத்தில் சாப்பாட்டு நேரம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நசுக்கல் மிகக் கடுமையாக இருப்பது தசையின் உள்அடுக்கில், அதாவது அறையை ஒட்டியிருக்கும் அடுக்கில். குழாய்கள் வெளிப்பரப்பிலிருந்து உள்ளே போவதால், உள்அடுக்குதான் பாதையின் கடைசி. நாஞ்சில் நாட்டு உழவர்கள் சானலின் கடைசிப் பகுதியைக் கடைவரம்பு என்பார்கள். ஆண்டுதோறும் தண்ணீர் வந்து சேரவில்லை என்ற முறையீடு முதலில் எழுவது அங்கிருந்துதான். இதயத்தின் கடைவரம்பு இந்த உள்அடுக்கு. ரத்தம் குறையும்போது முதலில் வாடுவதும் அதுவே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெரிய கரோனரி தமனிகள் ரத்தத்தைக் கொண்டுவருகின்றன, நுண்தமனிகள் அதைப் பங்கிடுகின்றன, இதயத் தசைக்கு அதிக ஆக்சிஜன் வேண்டுமென்றால் அதிக ரத்தம் வேண்டும், அதைப் பெற அமைதியான தளர்வு நேரமும் வேண்டும்.

அடைப்பு வந்த குழாய் ஏன் பல ஆண்டு பேசாமல் இருக்கிறது

கரோனரி தமனியின் உட்சுவருக்குள் கொழுப்பும் நார்த்திசுவும் சுண்ணாம்பும் சேர்ந்து மேடு தட்டுவதைத்தான் அடைப்பு என்கிறோம். இது சானலில் விழுந்த மண்சரிவு போன்றது. ஆனால் குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்த ஒருவர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தொல்லையையும் உணரமாட்டார். விட்டத்தில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம் வரை அடைபடும்வரை, ஓய்வு நேர ரத்த ஓட்டம் பெரும்பாலும் குறைவதே இல்லை.

காரணம், முன்னே சொன்ன தானியங்கி மடைதான். மேலே சானல் குறுகக் குறுக, கீழே அந்தப் பகுதியின் நுண்தமனிகள் தாமாகவே விரிந்து தடையைக் குறைத்துக்கொள்கின்றன. ஓட்டம் ஓய்வு அளவில் காப்பாற்றப்படுகிறது. ஆனால் இதற்குச் செலவானது கையிருப்பு. மேடேறும்போது திறப்பதற்கென்று வைத்திருந்த மடைகளை, திண்ணையில் இருக்கும்போதே திறந்தாகிவிட்டது. அதனால்தான் நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்ற தன்மை வருகிறது. இதயத் தசைக்குத் தேவையான அளவு ரத்தம் கிடைக்காதபோது நெஞ்சில் தோன்றும் இந்த இறுக்கத்துக்கு ஆஞ்சைனா என்று பெயர். சிலருக்கு அது தாடையிலோ இடது கையிலோ மேல் வயிற்றிலோ தெரியும். வாயுத் தொல்லை என்று பெருங்காயம் கரைத்துக் குடித்து நாளைக் கடத்துபவர்கள் நம்மில் ஏராளம்.

அடைப்புக்குக் கீழே இருக்கும் மடைகள் ஏற்கெனவே முழுவதும் திறந்திருக்கின்றன. அவற்றைத் திறக்க மருந்து கொடுத்து என்ன பயன்? விரிப்பி மருந்துகளைப் பற்றிய முழு விளக்கமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

எல்லா மடையையும் திறந்தால் நேரும் திருட்டு

இரண்டு கிளைக்கால்களை எண்ணிக்கொள்ளுங்கள். மேலக்காலில் தடங்கல் இல்லை. அதன் வயல்களுக்குத் தண்ணீர் போதும், ஆகவே மடைகளைச் சிறிதளவே திறந்து வைத்திருக்கிறார்கள். கீழக்காலில் மண் சரிந்து தண்ணீர் அநேகமாக நின்றுவிட்டது. அதன் வயல்காரர் மடை முழுவதையும் திறந்து காத்திருக்கிறார். அவருக்கு மேலக்காலிலிருந்து வரப்பை வெட்டிவிட்ட ஒரு சிறு வாய்க்கால் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்து, நாற்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதயத்திலும் இப்படி நடக்கிறது. ஒரு தமனி மெல்ல மெல்ல அடைபடும்போது, பக்கத்துத் தமனியிலிருந்து சிறு இணைப்புகள் வளர்ந்து உதவிக்கு வருகின்றன. இவற்றைப் பக்கவழிக் குழாய்கள் என்பர்.

இப்போது எல்லா மடைகளையும் முழுவதும் திறக்கவேண்டும் என்று ஒரே உத்தரவு வருகிறது. கீழக்காலின் மடை ஏற்கெனவே திறந்திருப்பதால் அங்கே மாற்றமில்லை. மேலக்காலின் மடைகள் விரியத் திறக்கின்றன. தண்ணீர் அங்கே குபுகுபுவென்று இறங்க, மேலக்காலில் நீர்மட்டம் தாழ்கிறது. தாழ்ந்த நீர்மட்டத்தில் வரப்பு வாய்க்காலின் வாய்க்குத் தண்ணீர் எட்டவில்லை. போதுமான அளவு இருந்த வயலுக்கு மேலும் தண்ணீர் போக, காய்ந்துகொண்டிருந்த வயலுக்கு இருந்ததும் போயிற்று.

இதய மருத்துவத்தில் இதற்குக் கரோனரி திருட்டு என்றே பெயர். நுண்தமனிகளைப் பொதுவாக விரிக்கும் மருந்து, நலமான பகுதியின் மடைகளைத் திறந்து, பக்கவழிக் குழாய் தொடங்கும் இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நோயுற்ற பகுதிக்கு வந்துகொண்டிருந்த ரத்தம் குறைகிறது. பக்கத்துத் தமனி இல்லாமலும் இதே திருட்டு நடக்கலாம். ஓர் அடைப்புக்குக் கீழேயே, தசையின் வெளிஅடுக்குக்கு இன்னும் சிறிது கையிருப்பு இருக்கும், உள்அடுக்குக்கு இருக்காது. மருந்து கொடுத்ததும் வெளிஅடுக்கின் மடைகள் திறந்து, உள்அடுக்கின் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. டைபிரிடமோல் என்ற மருந்து நுண்தமனிகளை நன்றாக விரித்து இதயத்தின் மொத்த ரத்த ஓட்டத்தைப் பெரிதும் கூட்டுகிறது. அந்தக் காரணத்தாலேயே அது ஆஞ்சைனாவுக்கான மருந்தாக அறிமுகமானது. ஆனால் நோயாளிகளுக்கு எதிர்பார்த்த நிவாரணம் கிடைக்கவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது சிலருக்கு நெஞ்சுவலியே வந்தது. மொத்தக் கணக்கில் ரத்தம் கூடியிருந்தது. கூடியது கடைவரம்பில் அன்று.

விரிப்பி மருந்துகள் தவறும் வழிகள் இன்னும் இரண்டு உண்டு. உடல் முழுவதும் தமனிகள் சட்டென்று விரிந்தால் ரத்த அழுத்தம் விழும். அணையில் நீர்மட்டம் இறங்கியதும் சானலில் தள்ளும் வேகம் குறைவதுபோல, குறுகிய கரோனரி தமனி வழியே ரத்தத்தைத் தள்ளும் விசையும் குறையும். அழுத்தம் விழுந்ததை உணர்ந்த உடல் இதயத் துடிப்பை வேகப்படுத்தும். அப்போது தசையின் தேவை கூடுகிறது, தளர்வு நேரம் குறுகுகிறது. விரைந்து வேலை செய்யும் நிஃபெடிபின் குளிகையை, ரத்த அழுத்தம் ஏறியவுடன் ஊசியால் குத்தி நாக்கடியில் பிழியும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னாளில் அதைக் கைவிடும்படி எச்சரித்ததற்கு இந்தத் திடீர் வீழ்ச்சியே காரணம்.

சுருக்கமாக, ஒரு விரிப்பி மருந்தைப் பற்றிக் கேட்கவேண்டியவை மூன்று: அது விரிப்பது பெரிய குழாயையா நுண்தமனியையா, அதனால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எப்படி மாறுகின்றன, கூடும் ரத்தம் எந்த அடுக்குக்குப் போகிறது.

அப்படியானால் பெரியப்பாவின் வலி எப்படி நின்றது

நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை, நைட்ரேட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் பெரும்பாலும் சார்பிட்ரேட் என்ற வணிகப் பெயரில் அறியப்படும் ஐசோசார்பைட் டைநைட்ரேட், அதே குடும்பத்து நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் ஆகியவை ஒரே வழியில் வேலை செய்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் இயல்பாகவே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறு அளவில் உண்டாக்கி, தன் சுவர்த் தசையைத் தளர்த்திக்கொள்கிறது. நைட்ரேட் மருந்து உடலுக்குள் அதே வாயுவைத் தருகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் பயன்பாடோ அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தையது. 1847-இல் இத்தாலியில் சோப்ரேரோ நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். ஆல்ஃபிரட் நோபல் அதை டைனமைட் ஆக்கினார். 1879-இல் வில்லியம் முரல் என்ற ஆங்கில மருத்துவர் அதை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். நோபலுக்கே அவருடைய கடைசிக் காலத்தில், இதய நோய்க்கு அதே பொருளை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள்.

இந்த மருந்து முதலில், மிகக் குறைந்த அளவிலேயே, விரிப்பது இதயத்தின் குழாய்களைக்கூட அன்று. உடலெங்கும் இருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களைத்தான். உடலின் ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. அவை தளர்ந்ததும் கால்களிலும் வயிற்றிலும் கூடுதலாக ரத்தம் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. நிறைமூட்டை சுமந்துகொண்டு வரப்பில் நடப்பவரின் தலையிலிருந்து பத்துப் படி நெல்லை இறக்கிவிட்டால் எப்படியோ, அப்படி இதயத்தின் சுமை குறைகிறது. அறை சற்றுச் சிறிதாகிறது. சிறிய அறையைச் சுருக்கத் தசை படவேண்டிய இழுவிசையும் குறைவு. ஆக்சிஜன் தேவையே இறங்கிவிடுகிறது.

இதன் உடன்விளைவாக இன்னொரு நன்மை வருகிறது. தளர்வு நேரத்தில் அறைக்குள் நிறையும் ரத்தம் குறைவதால், அது உள்அடுக்கின்மேல் கொடுக்கும் அழுத்தமும் குறைகிறது. நசுங்கியிருந்த கடைவரம்புக் குழாய்கள் மூச்சு விடுகின்றன. மொத்த ரத்தம் கூடாமலேயே உள்அடுக்கின் பங்கு கூடுகிறது.

மூன்றாவதாகத்தான் கரோனரி தமனிகள் வருகின்றன. நைட்ரேட் மருந்து பெரிய கரோனரி தமனிகளையும் பக்கவழிக் குழாய்களையும் விரிக்கிறது. வழக்கமான அளவில் நுண்தமனிகளை அதிகம் தொடுவதில்லை. அதாவது சானலும் வரப்பு வாய்க்காலும் அகலமாகின்றன, நலமான வயலின் மடைகள் பழையபடியே இருக்கின்றன. திருட்டுக்கு இடமில்லை. அடைப்பு குழாயின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருந்தால், மறுபக்கத்து மென்மையான சுவர் தளர்ந்து, குறுகிய இடமே சற்று அகலமாவதும் உண்டு. ஆனால் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்ட மேட்டை எந்த விரிப்பி மருந்தாலும் அசைக்கமுடியாது. மண்சரிவை மருந்து அள்ளிப் போடுவதில்லை.

இந்த மூன்றில் முதன்மையானது எது? 1972-இல் கான்ஸ், மார்கஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதிலைத் தந்தது. கரோனரி நோயாளிகளுக்கு மின்தூண்டலால் துடிப்பை வேகப்படுத்தி வலி வரவழைத்து, நைட்ரோகிளிசரினை நேராகக் கரோனரி தமனிக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்கள். குழாயை விரிப்பதே மருந்தின் வேலை என்றால் வலி உடனே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. அதே மருந்தைச் சிரை வழியாக உடல் முழுவதற்கும் கொடுத்தபோது வலி தணிந்தது. அன்று திண்ணையில் பெரியப்பாவுக்குக் கிடைத்த நிம்மதியில் பெரும்பங்கு, இதயம் கேட்ட ரத்தத்தின் அளவு குறைந்ததால் வந்தது. அவருடைய அடைப்பு அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில், அதே கனத்தில் இருந்தது.

மற்ற மருந்துகள், சுருக்கமாக

ஆம்லோடிபின், டில்டியாசெம் போன்ற கால்சியம் தடுப்பிகள் தமனிகளை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் இதயத்தின் வேலையைக் குறைக்கின்றன. மெல்ல வேலை செய்யும் ஆம்லோடிபினில் துடிப்பு திடீரென்று எகிறுவதில்லை, டில்டியாசெம் துடிப்பைக் குறைக்கவே செய்யும். நிகோராண்டில் என்பது நைட்ரேட்டின் குணத்தோடு தமனிகளையும் சற்று விரிக்கும் இரட்டை மருந்து. மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பிகள் விரிப்பிகளே அல்ல. ஆயினும் துடிப்பைக் குறைத்துத் தளர்வு நேரத்தை நீட்டுவதால், கடைவரம்புக்கு ரத்தம் போய்ச்சேர அவை பெரிதும் உதவுகின்றன. குழாயை விரிக்காத மருந்து ரத்தத்தைச் சேர்ப்பிப்பதும், குழாயை விரிக்கும் மருந்து சேர்ப்பிக்காமல் போவதும் இதயத்தில் இயல்பு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும்.

பொதுமக்களின் நேர்க்கணக்கு அப்படியே பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. சிலருக்குப் பெரிய அடைப்பு இல்லாமலேயே, கரோனரி தமனியின் சுவர்த் தசை திடீரென்று இறுகிக் குழாயை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, ஓய்வில் இருக்கும்போது வலி வரும். 1959-இல் பிரின்ஸ்மெட்டல் விவரித்த இந்த வகையில், நைட்ரேட்டும் கால்சியம் தடுப்பியும் உண்மையாகவே குழாயைத் திறந்துவிடுகின்றன.

திருட்டையே சோதனையாக்குதல்

மருந்தாகத் தோற்ற குணம் சோதனையாகப் பயன்பட்டது. முழங்கால் வலியாலோ முதுமையாலோ டிரெட்மில்லில் நடக்கமுடியாதவர்களுக்கு அடினோசினையோ டைபிரிடமோலையோ சிரை வழியாகச் செலுத்தி, மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கொடுத்து இதயத்தைப் படமெடுக்கிறார்கள். நலமான பகுதியில் ரத்தம் மூன்று நான்கு மடங்கு கூடிப் படத்தில் பிரகாசிக்கும்; அடைப்புக்குக் கீழே கையிருப்பு இல்லாத பகுதி மங்கித் தெரியும். ஆஞ்சியோகிராம் செய்யும்போதும், ஓர் அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே பாதிக்கிறதா என்று ஐயம் வந்தால், அடினோசின் கொடுத்து மடைகளை முழுவதும் திறந்துவைத்து, அடைப்புக்கு மேலும் கீழும் அழுத்தத்தை அளக்கிறார்கள். கீழே இருக்கும் அழுத்தம் மேலே இருப்பதில் 80 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், அந்த அடைப்பு பொருட்படுத்தவேண்டியது. இந்தச் சோதனைகளின்போது சில நிமிடம் நெஞ்சு இறுகுவதும் முகம் சூடாவதும் உண்டு. மருந்து நின்றதும் அடினோசினின் விளைவு நொடிகளில் மறையும், டைபிரிடமோலுக்கு மாற்று மருந்து இருக்கிறது.

மாரடைப்பில் இந்த மாத்திரையின் இடம்

ஆஞ்சைனா வேறு, மாரடைப்பு வேறு. கொழுப்பு மேட்டின் மூடி கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை முற்றிலும் அடைப்பதே பெரும்பாலும் மாரடைப்பு. உறைந்த ரத்தக்கட்டியை நைட்ரேட் கரைக்காது. 1995-இல் வெளியான ஐசிஸ்-4 என்ற ஆய்வில், மாரடைப்பு என்று ஐயுற்றுச் சேர்க்கப்பட்ட 58,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மாதம் நைட்ரேட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடனே கொடுக்கும் மருந்துகள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டர்வாஸ்டாட்டின். மூன்றுமே விரிப்பிகள் அல்ல. முதல் இரண்டும் ரத்தக்கட்டி வளர்வதைத் தடுப்பவை, மூன்றாவது கொழுப்பு மேட்டை நிலைப்படுத்துவது. "நாக்குல வெக்கிற மாத்திரை போட்டாச்சு, கொஞ்ச நேரம் பாப்போம்" என்று காத்திருந்து இழக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் தசை செத்துக்கொண்டிருக்கும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மாத்திரையைக் கையில் வைத்திருப்பவர்கள் அறியவேண்டியவை

சிரைகள் விரிந்து ரத்தம் கால்களில் தேங்குவதால், நின்றுகொண்டு இந்த மாத்திரையை வைத்தால் தலைசுற்றி விழ நேரும். உட்கார்ந்துதான் வைக்கவேண்டும். நாக்குக்கு அடியில் வைப்பது, அங்கிருந்து மருந்து நேராக ரத்தத்தில் கலக்கும் என்பதற்காக. விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். தலைவலி வந்தால், மூளையைச் சுற்றியுள்ள குழாய்களும் விரிந்திருக்கின்றன என்று பொருள். ஒரு மாத்திரைக்கு ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டாலோ கூடினாலோ உடனே 108-ஐ அழைக்கவேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடாலாஃபில் வகை மாத்திரை எடுத்தவர்கள் நைட்ரேட்டைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்து ரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தாகும் அளவு வீழ்த்திவிடும். முதல் வகைக்கு 24 மணி நேரமும் இரண்டாவதற்கு 48 மணி நேரமும் இடைவெளி வேண்டும். கூச்சப்பட்டு மருத்துவரிடம் இதை மறைப்பவர்களை நினைத்து நான் கவலைப்படுகிறேன். அடுத்த வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்றதும் நம் மாத்திரையைக் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு. அவருடைய மாரடைப்பு இதயத்தின் வலது கீழறையைத் தாக்கியிருந்தால், திரும்பி வரும் ரத்தத்தைக் குறைப்பது அவரைச் சாய்த்துவிடக்கூடும்.

பெரியப்பா கடைசியில் ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்டுக்கு ஒத்துவராத சிறு கிளை ஒன்றின் அடைப்புக்கு மற்ற மருந்துகளோடு ஐசோசார்பைட் மோனோநைட்ரேட்டையும் எழுதினார்கள். சீட்டில் காலை எட்டு மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று என்று இருந்தது. அவரோ இரண்டாவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். காலை, இரவு என்பதுதானே மாத்திரைக்கு முறை என்று நினைத்திருக்கிறார். இந்த மருந்து நாள் முழுக்க ரத்தத்தில் இருந்தால் குழாய்கள் அதற்குப் பழகி, விரிவதை நிறுத்திவிடும். டைனமைட் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் தலைவலி வந்து, வாரம் போகப் போக மறைந்தது இதனால்தான். ஒவ்வொரு நாளும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது மருந்து இல்லாத இடைவெளி கிடைத்தால், அடுத்த காலை அது மறுபடியும் வேலை செய்யும். நான் இதைச் சொல்லி முடித்ததும் பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். "அப்போ இன்னும் கால் மணி நேரம் இருக்குல்லா" என்று மாத்திரை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.